சூளை வரை ஓடிய வண்டி

பூந்தமல்லி
21-2-1988

அண்ணே,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் இருப்பவர்களுக்கும் காட்டாதே. படித்து முடித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனசு வராவிட்டால் தண்ணீரில் ஊறவைத்து, மை போகும்வரை கசக்கிப் போடு. நான் எழுதினேன் என்று அத்தாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ போன மறுநாள் அவர் சொன்னதை நீ கேட்கவில்லை.

"அவன் பேரு இனிமே இந்த ஊட்ல கேக்கக் கூடாது. கடுதாசி கிடுதாசின்னு எதனா வந்துச்சு, அன்னியோட உன் பள்ளிக்கூடம் க்ளோஸ். புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். அதன் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சோறு வைக்கட்டுமா என்பேன், வை என்பார். பூட்டிவிடட்டுமா என்பேன், பூட்டு என்பார். அவ்வளவுதான். அம்மா மவுத்தானபோதுகூட இந்த வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததில்லை. அப்போது நீ இருந்தாய்.

உன் முகவரியைக் கோதண்டம் அண்ணன் கொடுத்தார். வசந்தாவின் சைக்கிளுக்குக் காற்றடிக்க நாங்கள் அவருடைய பஞ்சர் கடையில் நின்றபோது, டியூப் பெட்டிக்கு அடியிலிருந்து உன் கார்டை எடுத்தார். "உங்கண்ணன் கரூர்ல கீறானாம்மே. சீக்கிரம் பாத்துக்கினு குடு. உங்கத்தா கண்ல பட்டுச்சு, என் கடைய இழுத்து மூடிடுவாரு" என்றார். முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, வீடு வரை கையை மூடியபடியே வந்தேன்.

நீ எழுதினால் வசந்தா வீட்டு முகவரிக்கு எழுது. கீழே கொடுத்திருக்கிறேன். தபால்காரர் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போவார். அவள் அம்மா கம்பெனியிலிருந்து திரும்புவதற்குள் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவோம். நான் அனுப்பும் கவரிலும் அனுப்புநர் இடத்தில் வசந்தா பெயர்தான் இருக்கும். உள்ளே இருப்பது நான்.

அத்தா இப்போது வீட்டுக்குள் படுப்பதில்லை. டாக்ஸி வண்டியின் பின் சீட்டில் படுக்கிறார். அடுப்படி ஜன்னலுக்கு நேராக வண்டி நிற்கிறது. அதனால் ஜன்னலில் கோணியைத் தொங்கவிட்டு, சிம்னி விளக்கைச் சுருக்கி வைத்துக்கொண்டு, அடுப்படிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு எழுதுகிறேன். அவர் புரண்டு படுத்தால் வண்டியின் ஸ்பிரிங் கிறீச்சிடும். கேட்டதும் பேனாவை நிறுத்திவிடுவேன்.

நீ பொருத்தியது எல்லாவற்றையும் அவர் கழற்றிவிட்டார். முன்பக்கக் கம்பியை மூடிய தகடு, வயிற்றுக்கு அடியில் கட்டிய தகடு, பின்சக்கரங்களை மறைத்த தகடுகள், டிக்கிக்குப் பின்னால் மூங்கிலும் தகரமுமாக நீ கட்டிய வால், எல்லாம் குளிக்கிற இடத்துக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. பக்கத்து வீட்டு எல்லம்மா அக்கா வந்து, "கோழிக்கூண்டு கட்டிக்கவா?" என்று கேட்டார். அத்தா கொடுக்கவில்லை.

என் நூல்களை மட்டும் அவர் பிய்க்கவில்லை. கைவேலை பீரியடுக்கு வாங்கிய சிவப்பு உல்லன் நூலை விரல் நீளம் வெட்டி, வண்டியின் கூரையிலும் டிக்கியிலும் நாம் ஒட்டினோமே, அவை அப்படியே இருக்கின்றன. நூல் படிந்து கிடந்தால் காற்று வழுக்கிப் போகிறது, நூல் சுழன்றால் அங்கே காற்று வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கிறது என்று நீ சொல்லிக்கொடுத்தாய். இப்போது காலையில் பள்ளிக்கூடம் போகும்போது அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு போகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அத்தா அடித்ததற்காகப் போனாயா, அந்தச் சொல்லைச் சொன்னதற்காகப் போனாயா?

எப்போது வருவாய்?

அஷ்ரஃபுன்னிசா

*

கரூர்
1-3-1988

நூல்காரிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பயப்படாதே, டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இங்கே என் பெட்டியைத் திறந்து பார்க்கிற அளவுக்கு என்மேல் யாருக்கும் அக்கறை கிடையாது.

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வேலை. அம்பத்தூர் கம்பெனியில் பார்த்த அதே தகடு வேலைதான். அங்கே சின்னத் தகடு, இங்கே பெரிய தகடு. ராத்திரி பட்டறையிலேயே பாதி கட்டிய பஸ்ஸுக்குள் படுத்துக்கொள்கிறேன். நீ எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அத்தாவும் வண்டிக்குள், நானும் வண்டிக்குள். பிறகு சிரிப்பு வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அடித்ததற்காக நான் போகவில்லை. முன்கம்பியைத் தகட்டால் மூடியது என் தப்பு. ரேடியேட்டருக்குக் காற்று போகாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கல்யாண வண்டி சுங்குவார்சத்திரத்தில் புகைந்து நின்று, பட்டுப்புடவையோடு பெண்ணைக் காய்கறி லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அத்தாவுக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும். அதற்காக அடித்தார். வாங்கிக்கொண்டேன். இன்னும் ரெண்டு கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆனால் அடி வாங்கிக்கொண்டே நான் என்ன சொன்னேன்? "முன்தகடு தப்பு அத்தா. மத்ததெல்லாம் தப்பில்ல. வண்டி சூளை வரிக்கும் ஓடுது" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் நீ கேட்டது. "பொய்க்காரப் பய."

நான் பொய் சொன்னேனா? நீயே சொல். வேலப்பன்சாவடியில் காலேஜ் கட்டப் போட்ட அந்தப் புது ரோட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை, தகடு ஒன்றும் இல்லாமல் ஓட்டினோம். புளியமரத்தடிக்கு அறுபதில் வந்து நியூட்ரலில் விட்டேன். வண்டி பம்பு செட்டு வரை போய் நின்றது. பிறகு தகடுகளைப் பொருத்தி, வண்டி கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஷிஃப்ட் முடிந்து எத்தனை சாயங்காலம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே மரம், அதே அறுபது. ஒவ்வொரு தடவையும் பம்பு செட்டைத் தாண்டி, பனைமரங்களைத் தாண்டி, செங்கல் சூளை வரை தானாக உருண்டு போனது. பின் சீட்டில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, "நூல் படிஞ்சிருக்குண்ணே" என்று நீ கத்தினாய். உன் வாயில் பூச்சி போய் இருமினாய்.

ஒரு தடவை வந்து பாருங்கள் என்று அத்தாவைக் கூப்பிட்டேன். வரவில்லை. பார்க்காமலேயே பொய்க்காரன் என்று சொல்ல ஒரு மனிதரால் எப்படி முடிகிறது?

அவர் அந்த ரோட்டில் தானே ஓட்டிப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். மறுநாளே பஸ் ஏறுகிறேன். அதுவரை நோன்புக்கும் வரமாட்டேன், பெருநாளுக்கும் வரமாட்டேன்.

தகடுகளைக் கோழிக்கூண்டுக்குக் கொடுத்துவிடாதே.

நஜீர்

*

பூந்தமல்லி
9-3-1988

அண்ணே,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து சரியில்லாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. இதையும் யாருக்கும் காட்டாதே.

போன வாரம் குளிக்கிற இடத்துக்குப் பின்னால் போனபோது அடித்தகட்டைக் காணவில்லை. எல்லம்மா அக்கா எடுத்திருப்பார் என்று அவர் வீட்டுக் கோழிக்கூண்டைப் போய்ப் பார்த்தேன். அங்கே இல்லை. அன்று சாயங்காலம் அத்தாவின் காக்கிச் சட்டையைத் துவைக்கும்போது, கைமடிப்பில் சிவப்பு நூல் ஒன்று ஒட்டியிருந்தது. முதுகில் முழுக்க மண். தரையில் மல்லாந்து படுத்தால்தான் அப்படி மண் ஒட்டும்.

எனக்குப் பயமாகிவிட்டது. உன் கடிதம் எப்படியோ அவர் கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஓடிப் போய்ப் பார்த்தேன். அரிசிப் பானைக்குள் வைத்தது வைத்தபடி இருந்தது. பிறகுதான் யோசித்தேன். அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியிருக்கிறது.

நேற்று சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் என்னை எழுப்பினார். "எந்திரி. வண்டில ஏறு" என்றார். எங்கே என்று கேட்கத் தைரியம் வரவில்லை. என்னை ஏதாவது சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடப் பையையும் எடுத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார், வண்டியை எடுத்தார். வண்டி வேலப்பன்சாவடிப் பக்கம் திரும்பி அந்தப் புது ரோட்டுக்குள் போனது.

பம்பு செட்டு அருகே இறக்கிவிட்டார். ரோட்டோரத்தில் கிடந்த செங்கல்லைக் காட்டினார்.

"முன் டயரு எங்க நிக்குதோ அங்க இத்த வை. நடுரோட்டுக்கு வராத. லாரி கீரி வந்தா ஒதுங்கு."

புளியமரத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். மாட்டிப் பார்த்த அடித்தகட்டையும் கழற்றியிருந்தார், தகடு எதுவும் வண்டியில் இல்லை. பம்பு செட்டு அருகில்தான் நின்றது. நான் செங்கல் வைத்தேன். பிறகு அவர் எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்து புளியமரத்தை நோக்கி ஓட்டினார்.

"ஏன் அத்தா திருப்பியும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ரோடு எந்தப் பக்கம் சரிவுன்னு யாருக்குத் தெரியும்? போவ ஒருவாட்டி, வர ஒருவாட்டி. அப்பதான் நாயம்."

திரும்பி வரும்போது அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கி அடித்தகடு. அப்பால ஒண்ணொண்ணா. எல்லாத்தையும் ஒரேடியா மாட்டினா எது இன்னா பண்ணுதுன்னு எப்புடித் தெரியும்?" கொஞ்ச நேரம் கழித்து, "பொய்யின்னா நா பேசினது சரி. நெசம்னா…" என்று ஆரம்பித்தார். அப்போது ஒரு பஸ் வந்துவிட்டது. ஹாரன் அடித்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

இத்தனை நாள் ஊமையாக இருந்த வீட்டுக்குக் கொஞ்சம் பேச்சு வந்திருக்கிறது. அவர் அந்த வாக்கியத்தை முடிப்பார் என்று நினைக்கிறேன். முடித்ததும் எழுதுகிறேன்.

அஷ்ரஃபு

*

கரூர்
16-3-1988

என் தங்கச்சி நூல்காரிக்கு,

நீ எழுதியதை நின்றபடியே படித்தேன். அத்தா வண்டிக்கு அடியில் படுத்து என் தகட்டை மாட்டுகிறாரா! அந்தப் பின்பக்க போல்ட்டைப் பிடிக்க அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். அதில் நான் வாஷர் இரண்டு போட்டிருக்கிறேன், ஒன்றை அவர் நிச்சயம் தொலைத்திருப்பார்.

எங்கள் மேஸ்திரி அய்யாசாமியிடம் சொன்னேன். அவர் முதலிலிருந்தே என்னைக் கேலி செய்கிறவர். "ஏனுங்க தம்பி, மெட்ராஸ்ல காத்துக்கும் வழி வெட்டிக் குடுத்தீங்களாக்கும்?" என்பார். இன்று அவரிடம், "எங்கத்தாவே ஓட்டிப் பாக்கறார்" என்றேன். "அப்பாரு ஒத்துக்கிட்டாருன்னா வந்து சொல்லுங்க, நானும் ஒத்துக்கறேன்" என்றார். பட்டறை முழுக்கக் காத்திருக்கிறது. டீக்கடைக்காரர்கூட, "சூளை என்னாச்சு?" என்று கேட்கிறார்.

இப்போது உனக்கு ஒரே வேலைதான். அத்தா எல்லாத் தகட்டையும் மாட்டி ஓட்டுகிற அன்று, நீண்ட கடிதம் எல்லாம் வேண்டாம். ஒரு கார்டில் ஒரே ஒரு சொல் எழுதிப் போடு. சூளை. அது போதும். யார் படித்தாலும் ஒன்றும் புரியாது.

பையில் துணி எல்லாம் மடித்து வைத்துவிட்டேன். நோன்புக்கு முன்னால் வீட்டில் இருப்பேன்.

நஜீர்

*

பூந்தமல்லி
24-3-1988

அண்ணே,

நலம். அத்தாவும் நலம். எனக்கு முழுப் பரீட்சை நெருங்கிவிட்டது. கணக்கில் கொஞ்சம் பயமாக இருக்கிறது. வசந்தாவும் நானும் அவள் வீட்டில் சேர்ந்து படிக்கிறோம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. எல்லம்மா அக்காவின் கோழி குஞ்சு பொரித்திருக்கிறது.

வண்டியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

அஷ்ரஃபு

*

கரூர்
2-4-1988

அஷ்ரஃபுன்னிசாவுக்கு,

கோழி குஞ்சு பொரித்ததா? நல்லது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராமல்தான் இருந்தது.

உனக்கு என்னை ஏமாற்ற வராது. சின்ன வயதில் சர்க்கரை டப்பாவைத் திறந்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே வானத்தைப் பார்ப்பாயே, இந்தக் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. அத்தா எல்லாத் தகட்டையும் மாட்டி ஓட்டியாகிவிட்டது. இல்லையா? என்ன ஆனது? சூளை வரை போயும் அவர் ஒத்துக்கொள்ளவில்லையா? அல்லது நீயும் அவர் பக்கம் போய்விட்டாயா? தினமும் காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார், ரெண்டு வார்த்தை பேசுகிறார், அதில் அண்ணன் மறந்துவிட்டானா?

இங்கே எப்படி இருக்கிறது என்று நான் உனக்கு எழுதியதில்லை. நல்லதாகவே எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது கேள். பட்டறையில் ஐந்து மணிக்கு மேல் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஜன்னலும் சீட்டும் இல்லாத பஸ்ஸுக்குள் நான் மட்டும் இருப்பேன். இங்கே காற்று தகட்டில் அடித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க யாரோ தட்டுவதுபோல் இருக்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். மேஸ்திரி இப்போது கேலிகூடச் செய்வதில்லை. டீக்கடைக்காரரும் சூளையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டபோதே தேவலாம்.

மடித்து வைத்த துணியில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். பை ஏறக்குறையக் காலி.

உண்மையை எழுது. அது எதுவாக இருந்தாலும் சரி. எழுதாவிட்டால் நீயும் எனக்கு எழுத வேண்டாம்.

நஜீர்

*

பூந்தமல்லி
14-4-1988

அண்ணே,

இதைப் படித்துவிட்டு நீ எனக்கு மறுபடி எழுதாமல் போகலாம். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் எழுதவில்லை. அத்தாவுக்குப் பயந்து விளக்கைச் சுருக்குகிறவள், இப்போது உனக்குப் பயந்து பேனாவைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

பொய் சொல்லவும் பார்த்தேன். நீ சொன்ன மாதிரி ஒரு கார்டில் 'சூளை' என்று எழுதி, வசந்தா பெயரையும் போட்டு, தபால் பெட்டி வரை போனேன். போட்டிருந்தால் நீ வந்திருப்பாய். வந்ததும் அத்தாவைக் கூட்டிக்கொண்டு நேராக அந்த ரோட்டுக்குத்தான் போவாய். அங்கே வண்டி எங்கே நிற்குமோ அங்கேதான் நிற்கும். அதன் பிறகு உன்னை யாராலும் திரும்ப அழைத்து வர முடியாது. கார்டை மென்று துப்பிவிட்டேன்.

காலை நேரத்தில் அத்தா ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டினார். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. அடித்தகடு மாட்டியபோது வண்டி பம்பு செட்டைத் தாண்டியது. பின்சக்கரத் தகடுகளும் சேர்ந்தபோது பனைமரம் வரை போனது. வாலைக் கட்டியபோது ஒரு வித்தியாசமும் இல்லை. டிக்கிக்குப் பின்னால் நூல் முன்பு போலவே பைத்தியமாய்ச் சுழன்றது. முன்தகட்டை மட்டும் அவர் தொடவே இல்லை. மற்ற எல்லாம் சேர்ந்தும், பனைமரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். அவ்வளவுதான் அண்ணே. சூளை இல்லை.

அன்று நான் செங்கல்லை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற?"

"தூசி அத்தா."

அவர் ஜெயித்துவிட்டார். நீ பொய் சொன்னாய் என்று அவர் சொன்னது சரியாகிவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் அவர் கதவில் சாய்ந்துகொண்டு தூரத்தில் சூளைப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவன் எப்புடி அது வரிக்கும் போனான்?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு, "எந்நேரத்துக்கு ஓட்டுவான்?" என்றார்.

நீ போன பிறகு அவர் உன்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். "சாயங்காலம் அத்தா. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து" என்றேன்.

அன்று சாயங்காலமே ஸ்டாண்டிலிருந்து சவாரியை விட்டுவிட்டு வந்தார். தகடு எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே போட்டார். மொட்டை வண்டியாகப் போனோம். புளியமரத்தடியில் நியூட்ரலில் விட்டார். பம்பு செட்டைத் தாண்டியது, பனைமரத்தைத் தாண்டியது. ஒரு தகடும் இல்லாமல் சூளைக்குப் பக்கத்தில் போய் நின்றது அண்ணே. செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள், "இன்னா பாய், பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கேட்டார்கள். அத்தா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கம் ஓட்டினார். காலையில் எட்டும் தூரத்தில் பாதிகூட எட்டவில்லை.

இறங்கிப் பார்த்தேன். வண்டி நின்றுகொண்டிருந்தது. கூரையில் என் நூல்கள் எல்லாம் பூந்தமல்லிப் பக்கமாக நீண்டு படபடத்தன. வண்டி நிற்கிறது, நூல் ஓடுகிறது. பின் சீட்டில் எத்தனை சாயங்காலம் தலையை நீட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்தேன். ஓடும்போது மட்டும்தான் பார்த்தேன். நிற்கும்போது ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடல்காத்து" என்றார் அத்தா. "சாயங்காலமானா மெட்ராஸ் பக்கத்துலருந்து அடிக்கும். பின்னாடிலருந்து தள்ளிக்கினே போயிருக்குது. நா டெய்லி ஸ்டாண்டுல அந்தக் காத்துலதான் சட்டையத் தொறந்துவுட்டு உக்காந்துகினுகீறேன். எனுக்கே தோணல, அவனுக்கு எப்புடித் தோணும்?"

நீ தகடு இல்லாமல் ஓட்டியது காலையில். தகட்டோடு ஓட்டியது சாயங்காலத்தில். போகிற பக்கம் மட்டும்தான் ஓட்டினாய். அவ்வளவுதான் நடந்தது.

அவர் சிரிப்பார், "பாத்தியா, உங்கண்ணன் லட்சணத்த" என்பார் என்று காத்திருந்தேன். அவர் கூரையில் ஒரு நூலை விரலால் நீவிக்கொண்டிருந்தார். விட்டதும் அது மறுபடி அதே பக்கம் போனது. அப்போதுதான் சொன்னார். அவர் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"அவன் பொய் சொல்லல. கண்ணால பாத்ததத்தான் சொல்லிக்கீறான். நாந்தான் போய்ப் பாக்கல."

அண்ணே, நீ கேட்டது அந்தச் சொல்லைத்தானே? அதை அவர் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். ஆனால் உன்னிடம் சொல்ல அவருக்கு வழி இல்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க வாய்வரை வந்தது. பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்து விழுங்கிவிட்டேன்.

அடித்தகட்டை மட்டும் மறுநாள் மறுபடி மாட்டினார். இப்போது சவாரிக்கும் அதோடுதான் போகிறார். ஸ்டாண்டில் யாரோ அது என்ன என்று கேட்டார்களாம். "என் பையன் பண்ணது. கொஞ்சம் கீது" என்றாராம். கோதண்டம் அண்ணன் சொன்னார். சூளை அளவுக்கு இல்லை அண்ணே. ஆனால் கொஞ்சம் இருக்கிறது.

நீ தோற்றுவிட்டாய் என்று நான் எழுதவில்லை. நீ தப்பாகப் பார்த்தாய், நானும் உன்னோடு சேர்ந்து தப்பாகப் பார்த்தேன். மேஸ்திரியிடம் என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலி பஸ்ஸில் இருந்து எழுந்து வந்துவிடேன். ராத்திரி தகட்டில் காற்று தட்டினால் நீ எழுந்து போய்ப் பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து இங்கே ஜன்னல் கோணி அசைந்தாலும் எனக்கு

வண்டிக் கதவு திறக்கிற சத்தம். கொஞ்சம் பொறு.

ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார். விளக்கை இன்னும் சுருக்கிவிட்டேன், எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். அடுத்த வாரம் பிறை தெரிந்ததும் நோன்பு. போன வருஷம் விடிவதற்கு முன்னால் சஹர் சாப்பிட நீ எழுந்திருக்கவே மாட்டாய், அத்தா உன் காலைப் பிடித்து இழுப்பார். இந்த வருஷம் ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றே எனக்குப் பழகவில்லை, தினமும் மிஞ்சுகிறது. நீ வருவதாக இருந்தால் வசந்தா வீட்டுக்கு ஒரே ஒரு கார்டு

அண்ணே, கதவைத் தட்டுகிறார்கள். அடுப்படிக் கதவை. அத்தா தட்டமாட்டார், பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். மெதுவாகத் தட்டுகிறார்கள். கடிதத்தை எங்கே

*

[கவரின் பின்புறம், அனுப்புநர் என்ற இடத்தில் வசந்தாவின் பெயர் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே, பெரிய எழுத்துகளில், வேறு கையெழுத்தில்:]

கா. ஹாஜா மொய்தீன்
டாக்ஸி டிரைவர்
பூந்தமல்லி

கடுதாசி பாதில நிக்குது. மீதிய ஊட்டுக்கு வந்து கேளு.